மனவடுவோடு மீள்பவர்களுக்கு முழுக்கவனப் பயிற்சி: குழு அமர்வு நடத்துபவர்களுக்கான வழிகாட்டி

மறுவாழ்வு மையங்களில் முழுக்கவனப் பயிற்சியை "கண்களை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்" என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்த அறையில் அமர்ந்திருப்பவர்களுள் பலர் குடிப்பழக்கத்தை மட்டும் சுமந்து வந்தவர்கள் அல்லர். சிறுவயதில் வாங்கிய அடி, வெளியே சொல்ல முடியாத பாலியல் வன்முறை, போர், விபத்து, கண்ணெதிரே நடந்த மரணம் என்று ஏதோ ஒன்றின் வடு அவர்களிடம் இருக்கும். பல ஆண்டுகளாக மதுவையோ கஞ்சாவையோ மாத்திரையையோ கொண்டு அவர்கள் அடக்கி வைத்திருந்த நினைவுகள், கண்ணை மூடிய மறுகணமே எழுந்து நிற்கலாம். இந்தக் கணத்தில் உடலிலும் மனத்திலும் சுற்றிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும், மைண்ட்ஃபுல்னஸ் என்று பரவலாக அறியப்படும் முழுக்கவனப் பயிற்சி இவர்களுக்கு உதவும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. ஆனால் அது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு புற உலகிலிருந்து தொடங்க வேண்டும், அவரவர் தாங்கும் அளவுக்கு மட்டுமே உள்ளே செல்ல வேண்டும், எங்கே நிறுத்துவது என்ற முடிவும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

மனவடுவும் போதைப் பழக்கமும் சேர்ந்தே வருவது தற்செயலானதன்று. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்களின் குழு அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 9,500க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டி 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குழந்தைப் பருவத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களை அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, அத்தகைய துன்பம் எதையும் அறியாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. ஆகவே குழுவில் யாருக்கு மனவடு இருக்கிறது என்று துருவிக் கேட்டுக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். எல்லோருக்கும் இருக்கக்கூடும் என்று கருதியே அமர்வைத் திட்டமிடுங்கள். மனவடு இல்லாதவருக்கு இந்த முன்னெச்சரிக்கையால் எந்த நட்டமும் இல்லை.

தொடங்கும் முன்: மருத்துவரின் பங்கு

இந்தப் பயிற்சியை எப்போது தொடங்கக் கூடாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாள்தோறும் அதிக அளவில் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாவது நாள் முதல் நான்காவது நாள் வரையிலான காலத்தில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும், இடமும் நேரமும் புரியாமல் பிதற்றுவதுமான நிலை ஏற்படலாம். இது உயிருக்கே ஆபத்தானது. தூக்கத்துக்காகவும் பதற்றத்துக்காகவும் தரப்படும் டயஸெபாம், அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகளுக்குப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். இந்த நாட்களில் தேவைப்படுவது மருத்துவமனைப் படுக்கையும், மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் மருந்தும், தயமின் (வைட்டமின் பி1) ஊட்டமும்தாம். நடுங்கும் உடலோடு இருப்பவரை உட்கார வைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் கொடுமை.

உடல் நிலைப்பட்ட பிறகும், போதை ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் தொடரலாம். "மருந்தை நிறுத்தினால்தான் உண்மையான மீட்சி" என்று குழுவில் யாரேனும் சொன்னால், அதை அந்த இடத்திலேயே மென்மையாகவும் தெளிவாகவும் மறுத்துவிடுங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர், மனச்சிதைவின் அறிகுறிகள் தீவிரமாக இருப்பவர், அண்மையில் பெரும் இழப்பைச் சந்தித்தவர் ஆகியோரைக் குழுவில் சேர்ப்பதற்கு முன் மனநல மருத்துவரின் கருத்தைக் கேட்பது கட்டாயம்.

இந்த முறை வந்த வழி

மருத்துவமனைகளில் முழுக்கவனப் பயிற்சி வேரூன்றியது 1979இல் ஜான் கபாட்-ஸின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய பயிற்சியிலிருந்துதான். போதைப் பழக்கத்துக்கு அதைப் பொருத்தியவர்கள் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மார்லட்டும் அவருடன் பணியாற்றிய சாரா போவன், நேஹா சாவ்லா ஆகியோரும் ஆவர். விட்ட பழக்கத்துக்கே திரும்பும் மறுவீழ்ச்சி எப்படி நேர்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்லட், குடிக்கத் தூண்டும் சூழலை முன்கூட்டியே அறிந்து எதிர்கொள்ளும் தமது பழைய முறையோடு முழுக்கவனத்தை இணைத்தார். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் என்ற கணக்கில் எட்டு வாரங்கள் நடப்பது அதன் அமைப்பு.

இதன் பலன் குறித்து மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. முதற்கட்டச் சிகிச்சை முடித்த 286 பேரிடம் போவன் குழுவினர் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், முழுக்கவன முறையில் பயின்றவர்கள், மார்லட்டின் பழைய முறையில் பயின்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் ஆகிய மற்ற இரு குழுவினரைவிடக் குறைந்த நாட்களே போதைப் பொருளைப் பயன்படுத்தியிருந்தனர். அளவுமீறிக் குடிப்பதும் அவர்களிடம் குறைந்திருந்தது. ஆனால் ஆறாம் மாதத்தில், முதல் முறை மீண்டும் போதைப் பொருளைத் தொடும் நாளைத் தள்ளிப்போடுவதில் மார்லட்டின் பழைய முறையே சற்று முந்தி நின்றது. மனவடு தொடர்பாக, மினியாபொலிஸ் நகரில் 116 முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வும் மிதமான முன்னேற்றத்தையே காட்டியது. எனவே இதை மற்ற சிகிச்சைகளோடு சேர்ந்து நிற்கும் துணையாகவே அறிமுகப்படுத்துங்கள். பல சிகிச்சைகளில் ஏமாந்து வந்தவரிடம் பெரிய வாக்குறுதி தருவது, பிறகு அவரே தம்மைத் தோற்றவராகக் கருத வழிவகுக்கும்.

அறையும் சொற்களும்

முதல் அமர்வில் நீங்கள் சொல்வதைவிட அறை சொல்வதே அதிகம். கதவு தாழிடப்படாமல் இருக்கட்டும். யார் எங்கே அமர்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். சுவரில் முதுகு சாய்த்து, கதவு கண்ணில் படும்படி அமர்ந்தால்தான் சிலரால் மூச்சுவிடவே முடியும். விளக்கை அணைக்க வேண்டாம். பயிற்சி நடக்கும்போது நீங்கள் எழுந்து நடமாடாதீர்கள், குறிப்பாக யாருடைய முதுகுக்குப் பின்னாலும் போகாதீர்கள். ஆறுதலுக்காகக்கூட அனுமதியின்றித் தோளைத் தொடக் கூடாது. திடீரென ஒலிக்கும் மணியைவிட உங்கள் குரலே அமர்வை முடிக்கப் போதுமானது. ஓய்வுக்கென்று கடல் அலையின் ஓசையை ஒலிக்கவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 2004 ஆழிப்பேரலையில் குடும்பத்தை இழந்த ஒருவர் அந்த வட்டத்தில் இருந்தால் அந்த ஓசை அவருக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஒலியையும் வாசனையையும் புதிதாகச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. குழுவில் எல்லா மதத்தினரும் இருப்பார்கள் என்பதால் மந்திரமோ, குறிப்பிட்ட தெய்வத்தின் பெயரோ, பத்மாசனமோ இதில் வேண்டாம். நாற்காலி போதும்.

அறிவுறுத்தல்கள் கட்டளையாக ஒலிக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மனவடு ஏற்பட்ட தருணத்தில் அந்த மனிதருக்குத் தேர்வு மறுக்கப்பட்டிருந்தது. அவருடைய உடலுக்கு என்ன நேர வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். ஆகவே பயிற்சியின் ஒவ்வொரு படியிலும் தேர்வைத் திருப்பித் தருவதே சிகிச்சையின் பாதி. பேச்சுத் தமிழில், இயல்பான குரலில், இப்படிச் சொல்லலாம்: "கண்ணை மூடணும்னு கட்டாயம் இல்லைங்க. திறந்தே வச்சுக்கலாம், எதிர்ல தரையைப் பார்த்துக்கலாம். எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். எழுந்து வெளியே போகணும்னு தோணினா போயிட்டு வாங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டோம்." கடைசி வாக்கியத்தைச் சொன்னால் மட்டும் போதாது, ஒருவர் உண்மையிலேயே எழுந்து போகும்போது அப்படியே நடந்துகொள்ள வேண்டும். அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று உடன் பணியாற்றுபவர் வாசலில் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளலாம்.

பாதத்திலிருந்து தொடங்குதல்

மூச்சு எல்லோருக்கும் அமைதி தருவதில்லை. கழுத்து நெரிக்கப்பட்டவருக்கும், நீரில் மூழ்கித் தப்பியவருக்கும், திடீர்ப் பீதியால் நெஞ்சடைத்துப் பழகியவருக்கும் மூச்சைக் கவனிப்பது அச்சத்தையே கூட்டலாம். தலை முதல் கால் வரை உடலின் ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்துச் செல்லும் பயிற்சியும் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குத் தாங்க முடியாததாகலாம். எனவே முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இவ்விரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பாதங்களிலிருந்து தொடங்குங்கள்.

"ரெண்டு பாதமும் தரையில எங்க படுதுன்னு பாருங்க. குதிகாலா, விரலா? தரை சில்லுன்னு இருக்கா, வெதுவெதுப்பா இருக்கா? கொஞ்சம் அழுத்திப் பாருங்க." அரை நிமிடம் போதும். பிறகு நாற்காலி உடலைத் தாங்குவதையும், மின்விசிறியின் ஓசையையும், வெளியே தெருவில் கேட்கும் குரல்களையும் கவனிக்கச் சொல்லலாம். அதன்பின் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களை ஒவ்வொன்றாக மனத்துக்குள் பெயர் சொல்லச் சொல்லலாம். குளிர்ந்த நீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரைக் கையில் பிடித்து அதன் குளிர்ச்சியைக் கவனிப்பதும், அறைக்குள் மெதுவாக நடந்து ஒவ்வோர் அடியையும் உணர்வதும் உட்கார முடியாதவர்களுக்கு நன்கு உதவுகின்றன. முதல் வாரத்தில் எந்தப் பயிற்சியும் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு, யார் எந்த இடத்தில் நிலைகொள்ள முடிந்தது என்று கேளுங்கள்: பாதமா, கையா, ஓசையா, கண்ணெதிரே உள்ள பொருளா? அவர் சொல்லும் இடமே இனி வரும் வாரங்களில் அவருடைய நங்கூரம். குழு முழுவதும் ஒரே இடத்தைக் கவனிக்க வேண்டும் என்ற தேவையே இல்லை.

நான்காவது வாரம் முதல், விரும்புபவர்கள் மட்டும் சில மூச்சுகளைக் கவனித்துப் பார்த்துவிட்டுப் பாதத்துக்குத் திரும்பி வரலாம். மூச்சுக்குப் போவதைவிடத் திரும்பி வருவதைத்தான் அதிகம் பயிற்றுவிக்க வேண்டும்.

எல்லை மீறும் அறிகுறிகள்

ஒவ்வொருவருக்கும் உணர்ச்சியைத் தாங்கும் ஓர் எல்லை உண்டு. மனவடு உள்ளவர்களுக்கு அந்த எல்லை குறுகலாக இருக்கும். அதை மேல்நோக்கித் தாண்டும்போது மூச்சு வேகமாகும், கை இறுகும், கண்கள் அலைபாயும், வியர்க்கும், காரணமின்றிக் கோபம் வரும். இதைக் கண்டுகொள்வது எளிது. கீழ்நோக்கித் தாண்டுவதைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம். முகம் வெறுமையாகும், பார்வை ஒரு புள்ளியில் உறைந்துபோகும், கேட்டதற்குப் பதில் தாமதமாக வரும், உடல் மரத்துப்போனதாகவோ தாம் அங்கு இல்லாததாகவோ அவர் உணர்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் ஆழ்ந்த அமைதியில் இருப்பதாகத் தோன்றும். "இன்றைக்கு மிக நன்றாகச் செய்தீர்கள்" என்று பாராட்டிவிடவும் கூடும். பயிற்சியின்போது அசையாமல் இருப்பவரை அதிகக் கவனத்தோடு பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இவற்றுள் எது தென்பட்டாலும், குழு முழுவதற்குமான பயிற்சியை மெதுவாக முடித்துவிடுங்கள். ஒருவரைத் தனித்துக் காட்டாதீர்கள். கண்களைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவரிடம் நேராக, தாழ்ந்த குரலில், அவரை நீங்கள் வழக்கமாக அழைக்கும் முறையிலேயே பேசுங்கள்: "அண்ணே, நான் இங்கதான் இருக்கேன். இது நம்ம மையம், இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. சுவத்துல என்னென்ன நிறம் தெரியுதுன்னு சொல்றீங்களா?" காலை ஊன்றச் சொல்வதும், எழுந்து நிற்கச் சொல்வதும், தண்ணீர் கொடுப்பதும் உதவும். என்ன நினைவு வந்தது என்று அப்போது கேட்காதீர்கள். குழு அமர்வு கடந்த காலத்தின் விவரங்களைத் திறப்பதற்கான இடமன்று. 1990களில் லிசா நஜாவிட்ஸ் மனவடுவும் போதைப் பழக்கமும் ஒருசேர உள்ளவர்களுக்காகவே உருவாக்கிய 'சீக்கிங் சேஃப்டி' திட்டம், நடந்ததை விவரிக்க வைக்காமல் இன்றைய பாதுகாப்பை முதலில் உறுதி செய்வதையே அடிப்படையாகக் கொண்டது. அந்த வரிசை இங்கும் பொருந்தும். நடந்ததைப் பேசித் தீர்க்க வேண்டிய நேரம் வரும்போது, அதற்கென்று பயின்ற சிகிச்சையாளரிடம் தனியமர்வுக்கு அனுப்புங்கள். "முதலில் ஓராண்டு குடிக்காமல் இருந்து காட்டட்டும், பிறகு மனவடுவைப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது தவறு. இரண்டுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை தர முடியும்.

குடிக்கத் தோன்றும் நேரம்

புற உலகில் நிலைகொள்ளக் கற்றுக்கொண்ட பிறகே, மார்லட்டின் முறையில் மிக முக்கியமான பயிற்சிக்கு வர வேண்டும். குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் கடல் அலையைப் போல எழுந்து, உச்சிக்குச் சென்று, தானே தணியும். அதனோடு மோதாமலும் அதில் அடித்துச் செல்லப்படாமலும் அதன் மேல் மிதந்து கடக்கலாம் என்பது அதன் சாரம். ஏக்கம் தணியாது, குடித்தால்தான் நிற்கும் என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் உச்சிக்கு முன்பே குடித்துவிட்டதால் அது தானே இறங்குவதை அவர்கள் பார்த்ததே இல்லை. தீனி போடாமல் விட்டால் பெரும்பாலான ஏக்கங்கள் அரை மணி நேரத்துக்குள் குறைந்துவிடும். ஆழிப்பேரலையில் இழந்தவர்களிடமும் கடலில் உறவினரைப் பறிகொடுத்தவர்களிடமும் அலை என்ற சொல்லையே தவிர்த்து, "ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும்" என்று மட்டும் சொல்லலாம்.

இதைக் குழுவில் பயிற்றுவிக்க, குடிக்கத் தூண்டும் ஒரு சூழலை மனத்தில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பத்துக்கு மூன்று அல்லது நான்கு என்று மதிப்பிடத்தக்க மிதமான சூழலாக அது இருப்பது அவசியம்: சம்பள நாள் மாலையில் டாஸ்மாக் கடை வழியாகப் பேருந்து போவது, கல்யாண வீட்டில் நண்பர் தனியே கூப்பிடுவது போன்றவை பொருந்தும். மனவடுவோடு தொடர்புள்ள இரவையோ மனிதரையோ தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதை முன்கூட்டியே, வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பின்னர் உடலில் எங்கே அது தெரிகிறது என்று கவனிக்கச் செய்யுங்கள். நா வறட்சி, வாயில் ஊறும் எச்சில், நெஞ்சில் இறுக்கம், கைகளில் பரபரப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம் இருக்கும். சில நொடிகள் அங்கே கவனத்தை வைத்துவிட்டுப் பாதத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். மீண்டும் அங்கே, மீண்டும் பாதத்துக்கு. ஒவ்வொரு நிமிடமும் பத்துக்கு எவ்வளவு என்று மனத்துக்குள் மதிப்பிடச் சொன்னால், எண் மாறுவதை அவர்களே காண்பார்கள். நீங்கள் சொல்லிப் புரிய வைக்க முடியாத ஒன்றை அந்த எண் புரிய வைத்துவிடும்.

ஏக்கத்தின் அடியில் வேறொன்று இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தப் பயிற்சியைச் சேர்ந்ததே. குடிக்கத் தோன்றுகிறது என்று நினைத்தவருக்கு, உண்மையில் தூக்கமோ பசியோ தனிமையோ அச்சமோ இருக்கலாம். தீபாவளி வெடிச்சத்தத்தில் குடிக்கத் தோன்றும் ஈழத்துப் போரைக் கடந்து வந்த ஒருவருக்கு அடியில் இருப்பது ஷெல்லடி நாட்களின் அச்சம். அவருக்கு அந்த நேரத்தில் தேவை ஏக்கத்தைக் கவனிப்பதைவிட, கதவை அடைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரின் அருகில் இருப்பதுதான்.

ஒன்றை ஐயமின்றிக் கூற வேண்டும். ஏக்கத்தைக் கவனிப்பது என்றால் மதுக்கடை வாசலில் நின்று மனவலிமையைச் சோதிப்பது என்று பொருளல்ல. முதலில் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும், பிறகுதான் கவனிப்பது.

அன்றாடத்துக்கென்று மார்லட் குழுவினர் ஐந்து படிகள் கொண்ட சிறிய இடைநிறுத்தத்தையும் வகுத்தனர். செய்துகொண்டிருப்பதை நிறுத்துவது, உடலிலும் மனத்திலும் என்ன நடக்கிறது என்று பார்ப்பது, மூச்சுக்கு வருவது, கவனத்தை உடல் முழுவதற்கும் சூழலுக்கும் விரிப்பது, பிறகு தெரிந்து ஒரு செயலைத் தேர்ந்தெடுப்பது என்பவை அந்தப் படிகள். மூச்சு ஒவ்வாதவர் மூன்றாவது படியில் பாதத்தையோ கையையோ வைத்துக்கொள்ளட்டும். ஐந்தாவது படிக்கான செயலை முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்: யாருக்குத் தொலைபேசியில் அழைப்பது, எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது, உடனே என்ன சாப்பிடுவது. ஏக்கத்தின் நடுவே நின்றுகொண்டு புதிதாக யோசிக்க யாராலும் முடியாது.

வீட்டிலும், ஒருமுறை தவறிய பிறகும்

வழக்கமான எட்டு வாரத் திட்டங்கள் வீட்டில் நாள்தோறும் நீண்ட நேரப் பயிற்சியை எதிர்பார்க்கின்றன. மனவடு உள்ளவருக்கு வீட்டில் தனியாக அவ்வளவு நேரம் அமர்வது உகந்ததன்று. காலையில் பல் துலக்கும்போது, தேநீர் குடிக்கும்போது, குளிக்கும்போது என்று ஏற்கெனவே செய்யும் செயல்களோடு ஓரிரு நிமிடங்களை இணைத்துவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. படுக்கப்போகும் முன் புதிய பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். இரவுதான் நினைவுகள் கிளம்பும் நேரம். "இன்றைக்குச் செய்தாயா" என்று வீட்டார் கண்காணிக்கத் தொடங்கினால் பயிற்சி தண்டனையாகிவிடும் என்பதைக் குடும்ப அமர்வில் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒருமுறை குடித்துவிட்டு வருபவரை எதிர்கொள்வதற்கும் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். ஒரு முறை தவறியவர், "எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு" என்ற வெட்கத்திலேயே தொடர்ந்து குடிப்பதை மார்லட் பல ஆண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். முதல் கோப்பையைவிட அந்த எண்ணம்தான் அதிகச் சேதம் செய்கிறது. சிறுவயது முதல் "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று கேட்டு வளர்ந்தவரிடம் அந்த வெட்கம் இரட்டிப்பாக இருக்கும். அவர் அமர்வுக்கு வந்ததற்காக முதலில் நன்றி சொல்லுங்கள். எவ்வளவு குடித்தார், மருத்துவ உதவி தேவையா என்பதை உறுதி செய்யுங்கள். போதையில் இருந்தால் அன்று குழுவில் அமர்த்தாமல், பாதுகாப்பாக இருக்க வேறு ஏற்பாடு செய்யுங்கள். மறுநாள், குடிப்பதற்கு முந்தைய சில மணி நேரத்தை அவரோடு சேர்ந்து பொறுமையாகத் திரும்பிப் பாருங்கள்: எங்கே இருந்தார், உடலில் என்ன தெரிந்தது, எந்த இடத்தில் வேறு வழி இருந்திருக்கும். குற்றம் காணும் தொனி துளியும் இல்லாத விசாரிப்பாக அது இருக்க வேண்டும்.

எட்டு வாரம் முடிந்து அவர் மையத்தை விட்டுச் செல்லும்போது, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் ஓர் அட்டையை அவரே எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். அவருடைய நங்கூரம் எது, ஐந்தாவது படியில் அவர் செய்யப்போவது என்ன, எந்த இருவரை அழைப்பார் என்பவை அதில் இருக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர் என்றால் தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 ஆகியவற்றையும், இலங்கையில் இருப்பவர் என்றால் தேசிய மனநல உதவி எண் 1926ஐயும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அட்டையை எழுதி முடித்ததும் அந்த எண்களுள் ஒன்றை உங்கள் முன்னிலையிலேயே ஒருமுறை அழைத்துப் பேசிப் பார்க்கச் செய்வது நல்லது. பழக்கமில்லாத எண்ணை நெருக்கடியான இரவில் முதன்முறையாக அழைப்பதற்குப் பலர் தயங்குகிறார்கள்.